யமுனைக்குப் போகவிருந்த பெட்டி

நான் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். கூட்டம் சங்க ஹாலின் வாசல்வரை நின்றதா, தெருமுனைப் பால் பூத் வரை நீண்டதா என்று கேட்டால் எனக்கு நிச்சயமில்லை. சித்தர் உடுத்தியிருந்தது காவியா மஞ்சளா என்பதிலும் குழப்பம்தான். ஞாபகத்தில் நிறம் மாறி மாறி வருகிறது. ஆனால் அவர் சொன்ன வார்த்தைகளில் சந்தேகம் இல்லை. கேட்டவர்கள் தலையாட்டியதிலும் இல்லை. நான் அதிகம் பேசுகிற ஆள் அல்ல. அதனால் பிறர் தலையாட்டுவதைப் பார்க்க எனக்கு நிறைய நேரம் கிடைக்கிறது.

தில்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் ஆயுத பூஜை முடிந்த வாரம் அது. ஊரில் கலப்பைக்கும் அரிவாளுக்கும் வைத்த பொட்டை, தில்லிக்கு வந்தபின் நம்மவர்கள் கம்ப்யூட்டருக்கு வைக்கிறார்கள். வைக்கட்டும். வெளியே வைக்கிற பொட்டால் எந்த எந்திரமும் கெட்டதில்லை. இந்த வருஷம் சங்கச் செயலாளர் பத்மநாபன் பொட்டோடு நிற்கவில்லை. “யந்திர சித்தர் வருகிறார், கம்ப்யூட்டர்களின் ஜாதகம் அறிந்தவர்” என்று வாட்ஸப்பில் போட்டார். சித்தரும் வந்தார். வீட்டுக்கொரு பொட்டலம் விபூதி கொடுத்தார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஃபேன் ஓடும்போது அதை உள்ளே தூவ வேண்டும். பிறகு அன்று முழுவதும் பெட்டியைத் தொடக்கூடாது.

தூவினார்கள். ஒரு கமா விட்டுப்போனால்கூடக் கோப்பைத் திருப்பி அனுப்புகிற அதிகாரிகள், பொட்டலத்தைப் பிரித்து ஒரு கேள்வியும் கேட்காமல் தூவினார்கள். ஃபேன் பக்தியோடு உள்ளே இழுத்துக்கொண்டது. மறுநாள் காலை கிட்வாய் நகரில் பல கம்ப்யூட்டர்கள் எழுந்திருக்கவில்லை. ஃபேன் ஓடும், விளக்கு எரியும், மானிட்டர் மட்டும் இருட்டு.

சாம்பலைப் போட்டார்கள், நின்றுவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. “நல்லவேளை, சித்தர் இன்னும் தில்லியிலதான் இருக்கார்” என்றார்கள்.

சங்க ஹாலில் வரிசை. ஆளுக்கொரு பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள், தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வந்த மாதிரி. சித்தர் பெட்டியைத் தொடமாட்டார். ஐ.என்.ஏ. மார்க்கெட் எலுமிச்சம்பழம் ஒன்றை நூலில் கட்டி அதன்மேல் தொங்கவிடுவார். பழம் ஆடும். கையில் பிடித்த நூல் ஆடாமல் என்ன செய்யும். அது ஆடும் திசையைப் பார்த்துத் தோஷம் சொல்வார். அதற்கு முன்னால், “உள்ளே என்னென்ன பூட்டியிருக்கு?” என்று மட்டும் கேட்டுக்கொள்வார். முக்காலமும் அறிந்தவருக்கு அந்த ஒரு விவரம் மட்டும் தெரியாது.

தோஷத்தில் சாதா தோஷம் என்று ஒன்று. அது வந்த பெட்டி மேடைத் திரைக்குப் பின்னால் போகும். பட்டில் பொதிந்த சித்தக்கல்லால் சித்தர் அதன் நினைவகப் பட்டையான ரேமைத் தேய்ப்பார். பெட்டி உயிரோடு வெளியே வரும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். போகும்போது இன்னொரு பொட்டலம் விபூதி கொடுப்பார். மாதாமாதம் தூவ வேண்டுமாம். மாதாமாதம் பெட்டி நின்றால்தானே மாதாமாதம் தட்சிணை.

இன்னொன்று ஆவி தோஷம். பழைய பாகங்களை மலிவாக வாங்கிப் பூட்டிய பெட்டிகளுக்கு வருவது. அந்தப் பாகத்தை முன்னால் வைத்திருந்தவன் துர்மரணம் அடைந்திருப்பான். அதற்குப் பரிகாரம் கிடையாது. பெட்டியைச் சிவப்புத் துணியில் கட்டி, ஞாயிற்றுக்கிழமை யமுனையில் விட வேண்டும். சித்தரே கொண்டுபோய் விடுவார், வேறு யாரும் கூட வரக்கூடாது. யமுனையும் இதுவரை எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்து நான் ஒன்றைக் கவனித்தேன். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் ஆவி தங்குவதே இல்லை. ஆவிகளுக்கு வீடியோ கேம் பிடிக்கும்போலும்.

எனக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் கலியமூர்த்தி, செக்ஷன் ஆபீசர். அவர் மகள் ப்ரீதா தன் கம்ப்யூட்டரைத் தானே பூட்டியவள். மதர்போர்டு ஓர் அலுவலகம் கழித்து ஏலம் விட்டது. வெளிப்பெட்டியான கேபினெட், பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் எடைக்கு வாங்கியது. கிராபிக்ஸ் கார்டு மட்டும் கொஞ்சம் உசத்தி. அப்பாவும் மகளும் நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் ஒரு வெயில் நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கிப் பேரம் பேசி வாங்கியது. ப்ரீதா நொய்டாவில் ஒரு வீடியோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்கிறாள். இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. முதல் முழு வேலையைத் திங்கள்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு. செய்துமுடித்த வேலை அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கலியமூர்த்தி அதிலும் விபூதி தூவ, அதுவும் நின்றிருந்தது.

அவள் அவகாசம் கேட்க நொய்டா போயிருந்த நேரத்தில் கலியமூர்த்தி பெட்டியை ஹாலுக்குத் தூக்கிப்போனார். கெட்ட மனிதர் அல்ல. மகள் வேலை போய்விடுமோ என்று பயந்துவிட்டார். பயந்தவருக்கு ஓர் எலுமிச்சம்பழம் போதும். ஆவி தோஷம் என்று வந்தது. சிவப்புத் துணி கட்டிய பெட்டியை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, ரேம்ல சாம்பல் போயிருக்கு. கழட்டித் தொடச்சா சரியாயிடும். அவ்ளோதான், பத்து நிமிஷ வேலை” என்றாள் ப்ரீதா.

“நீ தொட்டா உனக்கே ஆகாதுன்னு சொல்லிட்டாரும்மா.”

“யாரு, அந்த எலுமிச்சம்பழமா?”

“பெரியவங்கள கிண்டல் பண்ணாத. செத்தவன் போர்ட வீட்ல வெச்சிருந்திருக்கோம். அவர் சொன்னதும் எனக்கு உடம்பே ஆடிப்போச்சு.”

“அது ஆபீஸ் ஏலத்துல வந்த போர்டுப்பா. ஆபீஸா செத்துப்போச்சு?”

“கவர்மெண்ட் ஆபீஸ்னா சொல்ல முடியாதுடி” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அது அவள் அம்மா சாந்தகுமாரி.

கலியமூர்த்தி சிரிக்கவில்லை. “அத்தனை பேர் முன்னாடி வாக்கு குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம யமுனைக்குப் போகுது. அவ்ளோதான்.”

நான் கிளம்பியபோது ப்ரீதா மாடிப்படிவரை வந்தாள். வழக்கத்துக்கு மாறாக நான் வாய் திறந்தேன். கிராபிக்ஸ் கார்டுக்கும் ஆவிக்கும் உள்ள உறவைச் சொன்னேன்.

“அங்கிள், உங்க வீட்ல ஒரு காலி கேபினெட் மேல புக்ஸ் அடுக்கி வெச்சிருக்கீங்கல்ல?”

“ஆமா.”

“புக்ஸ எறக்குங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கேபினெட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்தோம். உள்ளே ப்ரீதா பூட்டியது ஒரு பவர் சப்ளையும் ஒரு ஃபேனும் மட்டும். பவர் சப்ளையின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தாள். சுவிட்சைப் போட்டால் ஃபேன் ஓடும், ஃபேனோடு சேர்ந்த விளக்கும் எரியும். வேறு ஒன்றும் நடக்காது. நடப்பதற்கு உள்ளே வேறு ஒன்றும் இல்லை.

“கனமா இருக்கிற மாதிரி தூக்குங்க அங்கிள்” என்றாள். நான் மூச்சு வாங்கினேன். என் வயதில் அதற்கு நடிப்பு தேவையில்லை.

ஹாலில் சிவப்புத் துணி கட்டிய பெட்டிகள் ஓரமாக நின்றன. அவற்றில் ஒன்று ப்ரீதாவுடையது. கலியமூர்த்தி மனைவியோடு முன்வரிசையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“இவர் பெட்டி, சாமி. ஃபேன் ஓடுது, திரை வரல” என்றாள் ப்ரீதா.

“உள்ளே என்னென்ன பூட்டியிருக்கு?”

“எல்லாம் பழசுதான். கிராபிக்ஸ் கார்டு மட்டும் உசத்தி.”

சித்தர் கண்ணை மூடினார். பழம் ஆடியது, முன்பைவிட வேகமாக.

“மதர்போர்டுல சனி உக்காந்திருக்கான். பிராசசர ராகு சுத்திட்டான். இந்த போர்டு துர்மரணம் ஆனவனோடது. அவன் எனக்கு இப்பத் தெரியறான். மீச வெச்சவன். என் பொருளக் குடுன்னு அழறான்.”

கூட்டம் உச்சுக்கொட்டியது. முன்வரிசையில் ராஜலக்ஷ்மி மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நிச்சயமா மதர்போர்டுலதானா சாமி?”

“என் குரு மேல சத்தியமா.”

ப்ரீதா திருகாணியைக் கழற்றி, பக்கத் தகட்டை எடுத்து, பெட்டியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

உள்ளே ஒரு பவர் சப்ளையும் ஒரு ஃபேனும் மட்டும்.

“மதர்போர்டு எங்கடா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

சித்தர் திறமைசாலி. மூச்சுகூடத் தடுமாறவில்லை. “பாத்தீங்களா? நான் பேசிட்டிருக்கும்போதே எடுத்துட்டுப் போயிட்டான்.”

இதற்கும் பாதிப் பேர் தலையாட்டினார்கள். “சக்தின்னா இது சக்தி” என்றார் பத்மநாபன்.

ப்ரீதா சிவப்புத் துணிகளின் பக்கம் நடந்தாள். “அப்போ என் பெட்டியிலேர்ந்து எத எடுத்துட்டுப் போனான்னு பாத்துடலாம்.”

“தொடாதே. ரத்தம் கக்குவே” என்றார் சித்தர்.

“கலியமூர்த்தி சார், உங்க பொண்ணப் புடிங்க” என்றார் பத்மநாபன்.

கலியமூர்த்தி எழுந்தார். மகளுக்கும் பெட்டிக்கும் நடுவில் போய் நின்றார். அவள் அவரைத் தள்ளவில்லை. அவர் என் காலிக் கேபினெட்டைப் பார்த்தார். பிறகு சித்தரைப் பார்த்தார்.

“என் பொண்ணு பெட்டிக்கும் இதே வார்த்ததான் சொன்னீங்க. மீசகூட இருந்துது” என்றார். குனிந்து முடிச்சை அவிழ்த்தார். ரத்தம் எதுவும் வரவில்லை.

பக்கத் தகட்டை எடுத்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. எந்தக் கார்டுக்காக ஒரு நாள் முழுக்க வெயிலில் அலைந்தாரோ, அது இருந்த இடம் காலி.

“கார்டு எங்கங்க?”

“ஆவி…”

“ஆவிக்கு எதுக்குங்க கிராபிக்ஸ் கார்டு?”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் சித்தரை முடித்தது. அவர் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள், சாந்தகுமாரி அவர் ஆசனத்துக்குப் பின்னாலிருந்த துணிப்பையைத் தலைகீழாகக் கொட்டிவிட்டார். விபூதிப் பொட்டலங்களுக்கு நடுவே, செய்தித்தாளில் சுற்றிய கிராபிக்ஸ் கார்டுகள். பட்டுத்துணியும் விழுந்தது. பிரித்தால் சித்தக்கல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர்.

“இதால தேய்ச்சாதான் ரேம் சரியாகும். அது உண்மதான்” என்றாள் ப்ரீதா. அந்த ரப்பரையே எடுத்தாள். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற ஓரத்தை அழுத்தித் தேய்த்தாள். அது நுழைகிற பள்ளத்திலிருந்து சாம்பலைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். கார்டைத் திரும்பப் பூட்டினாள். ஹாலின் மானிட்டரில் மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். திரை வந்தது. மந்திரம் சொல்ல மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

திங்கள்கிழமை காலை ப்ரீதா வேலையைக் கொடுத்துவிட்டாள். இப்போது நிரந்தரம். கலியமூர்த்தி மகளிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அவள் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் டார்ச் பிடிக்கிறார். சித்தரின் பெயர் நல்லசிவம். முன்பு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவராம். ஒழுங்காகத் தெரிந்த ஒரு தொழிலை ஏன் விட்டார் என்று யோசித்தால் பதில் நம்மிடம்தான் இருக்கிறது. ரிப்பேர்காரரிடம் நாம் பேரம் பேசுகிறோம், சித்தர் காலில் விழுகிறோம். பையிலிருந்த கார்டுகள் உரியவர்களுக்குப் போயின. இதற்கு முன் வேறு காலனிகளிலிருந்து யமுனைக்குப் போனவை போனவைதான். பத்மநாபன் இன்னும் செயலாளர். மோசடியைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று சொல்லிவருகிறார். ராஜலக்ஷ்மி மாமி விபூதிப் பொட்டலத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார், எதற்கும் இருக்கட்டும் என்று.

நல்லசிவம் அன்று பின்கதவு வழியாகப் போனவர். இப்போது காஜியாபாத் பக்கம் இன்வெர்ட்டர்களுக்கு ஜாதகம் பார்க்கிறார் என்று கேள்வி. அங்கே இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், நீங்கள் பெட்டியைத் திறந்துவிடுங்கள்.