கரண்ட் இல்லாத கிடார்

வாசலூர்பட்டி
12.11.2001

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, பொங்கியண்ணன் மாமாவுக்கு ஜீவானந்தம் எழுதுவது. இங்கே மழை. நான் நலம் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். நீங்களும் அத்தையும் கோழிகளும் நலமாக இருக்க வேண்டும்.

எங்கள் இசைக்குழுவின் சத்தத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்று பண்ணையிலிருந்து எங்களை மலைக்கு அனுப்பினீர்கள். தை பிறப்பதற்குள் ஒரு மேடையாவது ஏறாவிட்டால் பண்ணை வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாசித்துவிட்டோம். மேடையில் அல்ல, சாவு வீட்டில்.

பக்கத்து வீட்டு அப்பாசாமி இறந்துபோனார், கீழிருந்து மேளக்காரர்கள் வந்த வண்டி மண் சரிந்து கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது, பிணத்தைச் சத்தமில்லாமல் எடுக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் நாங்கள் தங்கியிருக்கும் எங்கள் டிரம்மர் சதீஷ்குமார் வீட்டுக்கு வந்து, "ஏனுங்க, உங்ககிட்ட டிரம் கெடக்குதுல்ல, வாங்க" என்றார்கள், எங்களுடையது மெட்டல் இசை, அதில் ராப்பும் ஜாஸும் கலந்திருக்கிறது என்று நான் விளக்கினேன், "கலந்துட்டுப் போகுது சாமி, பொழுதுக்குள்ள எடுக்கோணும்" என்றார் ஒருவர்.

போனோம். மழையில் கரண்ட் இல்லை. சதீஷ்குமார் டிரம்மை அடித்துக்கொண்டே தொண்டை கிழிய உறுமினான். கல்யாண பேண்டிலிருந்து எங்களிடம் வந்த கதிர்வேல் சாக்ஸபோன் ஊதினான், ஊதாத நேரத்தில் செத்தவரின் மிளகுக்கொடி, மாடு, முன்கோபம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் தாளத்தில் கொட்டினான். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அவர் மனைவி ருக்குமணியம்மா அழுதார். ஊரே அழுதது. "இன்னொருக்கா உறுமு கண்ணு" என்று கேட்டுக் கேட்டு அழுதார்கள்.

என் எலெக்ட்ரிக் கிடார் மட்டும் ஊமை. வாசித்தேன். எனக்கே கேட்கவில்லை.

குழுவைச் சேர்த்தவன் நான். பாட்டெல்லாம் நான் எழுதியவை. நான் இல்லாமல்தான் அவை நன்றாக இருந்தன. "அட விடு மாப்ள, அடுத்த சாவுக்குப் பேட்டரி கட்டிக்கலாம்" என்கிறான் சதீஷ்குமார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இங்கே இருக்க முடியாது. அடுத்த திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். வேலையை எனக்கே வைத்திருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். கோழிகள் குறைவில்லாமல் முட்டையிடட்டும்.

தங்கள் மருமகன்,
ஜீவானந்தம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ருக்குமணியம்மா வந்துவிட்டார். காரியத்துக்கும் வாசிக்க வேண்டுமாம். அவர்கள் இரண்டு பேர் போதுமே என்றேன். "அவங்க சத்தம் போட்டாங்க, சரி. நீதான் கண்ணு, கை மட்டும் ஆட, சத்தமே வராம நின்னே. நானும் அன்னைக்கு அப்படித்தான் உக்காந்திருந்தேன். நீ கட்டாயம் வரோணும்."

வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காரியத்தன்று கரண்ட் வந்துவிடக் கூடாது என்று அத்தையை வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.