உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு பீரோ

என் முட்டி குணமாகிவிட்டது என்ற நல்ல செய்தியை வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே தீர்மானித்தேன். வீட்டில் யாரிடமும் என்றால் மனைவியிடம். எங்கள் வீட்டில் அந்த 'யாரும்' அவள்தான்.

காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீடு மாறுகிறான். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மைத்துனன் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், ஸ்டூலைக்கூட இரும்பில்தான் செய்வான். அதையெல்லாம் மாடிக்குச் சுமக்க எனக்கென்ன தலையெழுத்தா? "இனிமே தாராளமா மாடி ஏறுங்க சார்" என்றார் டாக்டர். நன்றி சொல்லிவிட்டு, வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போதே நொண்ட ஆரம்பித்தேன்.

"டாக்டர் என்னங்க சொன்னார்?"

"அவசரப்படக் கூடாதாம்."

"மாடி ஏறலாமா?"

"மாடியா! அந்தப் பக்கம் தலைவெச்சே படுக்கக் கூடாதாம்."

"ஐயோ பாவம்" என்றாள். யார் பாவம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

என்னைக் காட்டிக் கொடுத்தது முட்டியல்ல, கை. முட்டி வீங்கிக் கிடந்த நாட்களில் பிசியோதெரபிஸ்ட் அம்மாள் வந்து, "காலுக்கு ஓய்வுன்னா உடம்புக்கே ஓய்வுன்னு அர்த்தமில்ல சார்" என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்திருந்தார். தம்பெல் தூக்க வேண்டும். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி நெஞ்சு வரை இழுக்க வேண்டும். முதலில் அவரை மனதாரச் சபித்தேன். ஒருநாள் கண்ணாடியில் பார்த்தால் மேல்கையில் ஏதோ புடைத்திருந்தது. கொசுக்கடி என்று நினைத்துச் சொறிந்தேன். அரிக்கவில்லை. தசை! அதற்குப் பிறகு எனக்கு முழுக்கைச் சட்டை பிடிக்காமல் போய்விட்டது.

எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் நலம் விசாரிக்க வந்தார்.

"முட்டி எப்படி சார் இருக்கு?"

"அதை விடுங்க. இதை அமுக்கிப் பாருங்க."

"அடேயப்பா! கல்லாட்டம் இருக்கே!"

"உட்கார்ந்த இடத்துலேர்ந்தே ஒரு பீரோவை இழுத்துடுவேன் சார். இந்தக் கால்தான் ஒத்துழைக்க மாட்டேங்குது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சமையலறையில் மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு அவள் யாருக்கோ போன் செய்து, தணிந்த குரலில் பேசுவது கேட்டது. நான் கையை இன்னொரு முறை மடக்கிப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை. முட்டிக்கடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தேன்.

"கிளம்புங்க."

"நானா? என் முட்டி..."

"நீங்க ஒரு படிகூட ஏற வேண்டாம். கீழேயே உட்காருங்க. நாற்காலி போட்டாச்சு."

புது வீட்டு வாசலில் போட்டிருந்தார்கள். மெத்தை வைத்த நாற்காலி. மாடிப்படி குறுகல், பீரோ திரும்பாது என்று மைத்துனன் மொட்டைமாடியில் கப்பி மேல் கப்பியாக மாட்டிக் கயிற்றைத் தொங்கவிட்டிருந்தான். கயிற்றின் முனை என் மடியில் வந்து விழுந்தது.

"சாமான் தூக்க நாலு ஆளுக்குச் சொல்லியிருந்தேன் மாமா. உங்க கையைப் பத்தி அக்கா சொன்னதும் வேண்டாம்னுட்டேன்."

"அக்கா என்னடா சொன்னா?"

"உட்கார்ந்த இடத்துலேர்ந்தே பீரோவை இழுப்பீங்களாமே!"

இழுத்தேன். ஸ்டூல் போனது, மேஜை போனது, கட்டில் போனது. பீரோ போகும்போது என் உயிரும் கூடவே இரண்டாவது மாடி வரை போய் வந்தது. பக்கத்தில் நின்ற மனைவி பிசியோதெரபிஸ்ட் குரலிலேயே, "மூச்சை இழுங்க... விடுங்க... தோளை இறுக்காதீங்க" என்றாள். நான் சற்று எழப் பார்த்தால், "ஐயையோ, எழுந்திருக்காதீங்க! முட்டி!" என்று தெருவுக்கே கேட்க அலறினாள். கீழ்வீட்டு அம்மாள் வேறு, "கால் போனாலும் மனுஷன் கையை விடலையே" என்று கண் கலங்கினார்.

எல்லாம் முடிந்து டீ வந்தது. கை நடுங்கியதில் பாதி டீயைச் சட்டைதான் குடித்தது. அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"இங்க பாரு. என் முட்டி போன வாரமே சரியாயிடுச்சு."

"தெரியும். கயிறு இழுத்தா முட்டிக்கு ஏதாவது ஆகுமான்னு டாக்டருக்குப் போன் பண்ணேன். இழுக்கறது என்னம்மா, ஓடவே சொல்லுங்கன்னார்."

"தெரிஞ்சுமா இப்படிப் பண்ணே? முட்டி சரியாயிடுச்சுன்னு நானே சொல்லியிருந்தா, இதைவிடப் பெருசா என்ன வேலை கொடுத்திருப்பே?"

"தூக்கத்தான் தம்பி ஆளுக்குச் சொல்லியிருந்தானே. பழைய வீட்டுச் சாவியை அந்த வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துட்டு வரணும். உங்களுக்குன்னு வெச்சிருந்தது அது ஒண்ணுதான்."

என் விரல்கள் மடங்க மறுத்ததால் சாவியை அவளே என் சட்டைப் பையில் போட்டாள்.

"கொடுத்துட்டு வந்துடுங்க. கால்தான் நல்லா இருக்கே."