ஆறு புள்ளி வரைக்கும் துவைக்கலாம்

உலகத்துல துவைக்க முடியாத சாமான்னு ஒண்ணு இருக்குன்னு புள்ளியக்காகிட்ட நிரூபிச்ச ஆள் இன்னும் பிறக்கல. அக்கா குடையைத் துவைக்கும். கயித்தைத் துவைக்கும். சாமி படத்துல தொங்குற பிளாஸ்டிக் மாலையைத் துவைக்கும். ஒரு தீபாவளிக்கு மொத நாள் தன்னோட வெள்ளாட்டைத் துவைச்சுது. குளிப்பாட்டுச்சுன்னு எழுதினா நான் பொய் சொன்னவனாயிருவேன். சோப்பு போட்டு, நுரை வரத் தேய்ச்சு, ரெண்டு தண்ணியில அலசி, நிழல்ல கட்டிப் போட்டதை நானே பார்த்தேன். அதுக்குப் பிறகு ரெண்டு நாள் அந்த ஆடு யாருக்கும் முகம் குடுக்கல.

அக்காவோட அப்பா தொரை பங்களாவுல துணி துவைச்சவர். துணி மாறிப் போகாம இருக்க, ஒவ்வொண்ணுலயும் மூலையில அழியாத மையால புள்ளி வைப்பாராம். அவர் போன பிறகு அந்தப் புள்ளி வைக்கிற பழக்கம் மகளுக்கு ஒட்டிக்கிச்சு. தலையணையில புள்ளி, சாக்குல புள்ளி, விளக்குமாத்துப் பிடியில புள்ளி. அக்காவோட சொந்தப் பேரு செக்ரோல்ல, அதான் தோட்டத்துச் சம்பளப் பதிவுல, இருந்திருக்கும். மாசாமாசம் அதை எழுதினவன் நான்தான். ஆனா இப்ப தலைகீழா நின்னாலும் ஞாபகம் வர மாட்டேங்குது.

நான் அப்ப கஹவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோருல சின்ன கிளாக்கர். ஸ்டோருன்னா கடை இல்லீங்க, தேயிலை ஃபேக்டரிக்கு எங்க தோட்டங்கள்ல அதுதான் பேரு. ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்துச்சு. அக்காவுக்குச் சலிப்பு ரூம்ல, அதாவது தேயிலையைச் சலிச்சுத் தரம் பிரிக்கிற இடத்துல, கூட்டிப் பெருக்குற வேலை. அதுக்கு முந்தி மலையில கொழுந்து எடுத்துச்சு. ஒரு மழை நாள்ல கொழுந்து மூட்டையோட வழுக்கி விழுந்து, முழங்கால் எலும்பு கோணலாக் கூடிருச்சு. அந்தக் காலை வச்சுக்கிட்டு மலை ஏற முடியாது.

"ஸ்டோரு வேலை போச்சுன்னா எனக்கு வேற நாதி இல்ல தம்பி. மறுபடி மலைக்கு அனுப்பினாங்கன்னா, மொத நாளே உருண்டு வந்து ஒங்க ஆபிஸ் வாசல்லதான் நிப்பேன்"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லும். சிரிப்பு வாயோட சரி. கண்ணுல பயம் இருக்கும்.

அந்த நேரத்துலதான் தொப்பி வந்து சேர்ந்துச்சு. வெளிநாட்டுக்காரங்களுக்குத் தேயிலை விக்கணும்னா சுத்தத்துக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேணுமாம். சலிப்பு ரூம்ல நிக்கிற எல்லாரும் தலைக்குத் தொப்பி போடணுமாம். ஊதினாப் பறக்குற வெள்ளைத் தொப்பி, கொழும்புல இருந்து மாசத்துக்கு ஒரு பெட்டி வரும். ஒரு தடவை போட்டுட்டு வீசிறணும். அப்புடி வீசினா பெட்டி ஒரு வாரத்துல காலி. மிச்ச மூணு வாரமும் பொம்பளைங்க சிலிசிலிங்கிற பிளாஸ்டிக் பேக்கைத் தலையில கட்டிக்கிட்டு நிப்பாங்க. அதுல ஒண்ணு மீன் வாங்கின பேக்கா இருந்துட்டா அன்னைக்கு அந்த ரூம் பக்கமே போக முடியாது.

மொத நாளே அக்கா குப்பைக் கூடையில இருந்து ஒரு தொப்பியை எடுத்துக்கிட்டு என் மேசைக்கு வந்துருச்சு.

"தம்பி, அந்தப் பெட்டியில என்னா எழுதியிருக்கு?"

"ஒரு தடவைதான் பாவிக்கணும்னு போட்டிருக்குக்கா."

"யாரு சொன்னா?"

"பெட்டி சொல்லுது."

"பெட்டிக்குத் துவைக்கத் தெரியுமா?"

நான் பேனாவை எடுத்துக்கிட்டேன்.

அன்னைக்கே ஆரம்பிச்சுருச்சு ஆராய்ச்சி. மொத தொப்பியைத் தண்ணி கொட்டுற பீலிக் கல்லுல வச்சு ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சுது. ஊறின அப்பளம் மாதிரி கையோட வந்துருச்சு. ரெண்டாவது தொப்பி பூவா வெளுத்துச்சு. ஆனா சுருக்கம் இருக்கேன்னு கரிப்பெட்டியைக் காய வச்சு ஒரே இழுப்பு இழுத்துச்சு. தொப்பியைக் காணோம், இஸ்திரிப்பெட்டி அடியில வெள்ளைப் பசைதான் இருந்துச்சு. அதே பெட்டியால, ஸ்டோருக்கே பொறுப்பான டீமேக்கர் ஐயாவோட கால்சட்டையைத் தேய்ச்சுக் குடுத்ததும், அவர் அதைப் போட்டுக்கிட்டு புத்தர் கோயில் பன்சலைக்குப் போனதும் வேற கதை. மூணாவதை, தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற லயத்துத் தகரக் கூரை மேல மாசி வெயில்ல காயப் போட்டுட்டு ஒரு மாசம் மறந்துருச்சு. எடுக்கப் போனப்ப விரலுக்குள்ள பொடிப்பொடியா உதிர்ந்துச்சு.

நாலாவதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துச்சு. அப்பதான் கண்டுபிடிச்சுது.

"தம்பி! இதுல நூலே இல்லையே! ஊடும் இல்ல, பாவும் இல்ல, எப்புடி நிக்குது இது?"

"நெய்யுறது இல்லக்கா. இழையைப் பஞ்சு மாதிரி பரப்பி, சூட்டுல அமுக்கி ஒட்டிருவாங்களாம்."

"அட பாவிகளா, இதை மொதல்லயே சொல்ல மாட்டீங்களா? நெசவுத் துணின்னு நெனச்சுல்ல போட்டு அடிச்சேன்!" அந்த மூணு தொப்பிக்காகவும் அக்கா நெசமாவே வருத்தப்பட்டுச்சு.

அதுக்குப் பிறகு வழி பிடிபட்டுச்சு. பச்சைத் தண்ணியில சோப்பைக் கரைச்சு தொப்பியை ஊறப் போடணும். ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு அமுக்கணும். தேய்க்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, ஒதறி நிழல்ல போடணும். கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு பெரியவங்க சொன்னாங்க. பாவம், அவங்க இந்தத் தொப்பியைப் பார்க்கல. இதைக் கசக்கினாத்தான் கந்தையாகும்.

ஒவ்வொரு துவைப்புக்கும் தொப்பி விளிம்புல ஒரு புள்ளி. ஆறு புள்ளி வந்துட்டா அந்தத் தொப்பிக்கு ஓய்வு. "அதுக்கு மேல லாஸ்டிக் தொங்கிப் போகும் தம்பி, முடி வெளிய வந்து தேயிலையில விழும். என் கையால அது நடக்காது"ன்னுச்சு. ஓய்வு வாங்கின தொப்பிகள் லயத்துக்குப் போயி பிளேன்டீ வடிகட்டும், இல்லாட்டி பூச்சி குத்தாம இருக்கப் பாகற்காய்க்கு மாட்டிக்கும். அக்காவோட பந்தல்ல முப்பது பாகற்காயும் தொப்பி போட்டுக்கிட்டுத் தொங்கினதைப் பார்த்துட்டு, லயத்துக்கு வந்த மிட்வைஃப் நோனா, சிங்களத்துல நோனான்னா அம்மா, "என்னா, இதுங்களுக்கு ஒப்பரேஷனா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

இதுல நான் செஞ்ச களவாணித்தனத்தையும் சொல்லணும். தொப்பிக்கு மாசாமாசம் கொழும்புக்கு இண்டென்ட் எழுதி அனுப்புறது என் பொறுப்பு. அக்கா துவைக்க ஆரம்பிச்சதும் மாசக் கடைசியிலயும் பெட்டி தீரல. சரி, அடுத்த மாசம் எழுதுவோம்னு விட்டேன். அடுத்த மாசமும் விட்டேன். சோம்பேறிக்குச் சாக்கு கெடைச்சா விடுவானா? மூணு மாசம் ஒரு வரி எழுதல. அது அக்காவுக்கும் தெரியும். "எழுதலையா தம்பி?"ன்னு ஒரு தடவை கேட்டுச்சு. "எதுக்குக்கா, நீங்கதான் இருக்கீங்களே"ன்னேன். அக்காவுக்கு அன்னைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்பதான் சர்ட்டிபிகேட்டுக்காகச் சோதனை போட ஒரு நோனா கொழும்புல இருந்து வந்தாங்க. முந்தின நாள் சாயங்காலம்தான் சொன்னாங்க. அதுக்குள்ள அந்தப் பெட்டியும் தீர்ந்து, கையில புதுத் தொப்பி ஒண்ணு கூட இல்ல. இருக்கிறதுலயே வெள்ளையானதாப் பார்த்து எடுத்து, புள்ளி உள்பக்கம் போற மாதிரி மடிச்சு, நோனா கையில குடுத்தேன். நோனா போட்டுக்கிட்டாங்க. சலிப்பு ரூமைச் சுத்தி வந்தாங்க. எல்லாம் திருப்தி. டீமேக்கர் ஐயா மீசைக்குள்ள சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. வெளிய வந்து நோனா தொப்பியைக் கழட்டினாங்க, திருப்பிப் பார்த்தாங்க.

"மே தித் மொனவாத?"

இந்தப் புள்ளியெல்லாம் என்னன்னு என்னைத்தான் கேக்குறாங்க. கம்பெனிக்காரன் போட்ட அடையாளம்னு சொல்ல வாயைத் தொறந்தேன். வேற ஊர் தோட்டமா இருந்தா மொழி தெரியாதுன்னு சமாளிச்சிருக்கலாம். எங்க பக்கத்துல சிங்களம் தெரியாத ஆள் யாரு? மூலையில பெருக்கிக்கிட்டு இருந்த அக்கா நிமிர்ந்து, "ஹேதுவ கான, நோனா!"ன்னுச்சு. துவைச்ச கணக்கு நோனான்னு அர்த்தம்.

நோனா விரலை வச்சு எண்ணினாங்க. அஞ்சு.

"அஞ்சு தடவை துவைச்சதையா என் தலையில போட்டீங்க?"

"ஆமா நோனா. பயப்படாதீங்க, இன்னும் ஒண்ணு தாங்கும்."

டீமேக்கர் ஐயா சுவரைப் பிடிச்சுக்கிட்டாரு. ஆனா நோனா கோவப்படல. எப்புடித் துவைக்கிறீங்க, எங்க காயப் போடுறீங்கன்னு ஒண்ணொண்ணாக் கேட்டாங்க. அக்கா ஊறப் போடுறதுல இருந்து பாகற்காய் வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லிச்சு. நோனா ரெண்டு பக்கம் எழுதினாங்க. தன்னோட வழியைக் கொழும்புக்குக் கொண்டு போறாங்கன்னே அக்கா நெனச்சுக்கிச்சு. "என் பேரையும் போட்டுக்கச் சொல்லுங்க தம்பி"ன்னு என் காதுல சொல்லிச்சு.

நோனா எழுதினது என்னன்னா, ஒரு தடவை பாவிக்கிறதைத் திரும்பப் பாவிக்கிறது பெரிய குத்தம், இதைத் திருத்துற வரைக்கும் சர்ட்டிபிகேட் கெடையாது.

ஜீப்பு போனதும் டீமேக்கர் ஐயா எங்க எல்லாரையும் ஆபிசுக்குள்ள கூப்பிட்டாரு. கோவம் வந்தா அவருக்குச் சிங்களமும் தமிழும் சேர்ந்தே வரும்.

"கவுத கிவ்வே? யாரு சொல்லித் துவைச்சது?"

அக்கா என்னைப் பார்த்துச்சு. ஒரே ஒரு பார்வைதான்.

"யாரும் சொல்லலீங்க ஐயா. என் கைதான் சும்மா இருக்காது."

"அப்ப திங்கக்கிழமையில இருந்து மலையில போய் அந்தக் கைய ஆட்டு!"

நான் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். ஆமாங்க, நின்னேன். வெக்கமாத்தான் இருக்கு, ஆனா நடந்தது அதுதான். அக்கா ஸ்டோரு படியில ஒவ்வொண்ணாக் கால் வச்சு எறங்கிப் போச்சு.

மறுநாள் சனிக்கிழமை. லயத்துப் பக்கமா வந்தவன் பார்த்தேன், லயத்துக்குப் பின்னால இருக்குற மேட்டுல அக்கா ஏறிக்கிட்டு இருந்துச்சு. தலையில கொழுந்து சாக்கு, கையில ஒரு கம்பு. சாக்கு வெறும் சாக்குதான். திங்கக்கிழமைக்குப் பழகிப் பார்க்குது. நாலு அடி ஏறிச்சு. காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துச்சு. முந்தானையால முகத்தைத் தொடைச்சுக்கிட்டு எழும்பி மறுபடி நாலு அடி ஏறிச்சு. திரும்பவும் உக்காந்துருச்சு.

எனக்கு அங்க நிக்க முடியல. நேரா தோட்டத்து மேனேஜர் பெரிய தொரை ஆபிசுக்குப் போனேன். மூணு மாசமா இண்டென்ட் எழுதாதவன் நான்தான், அக்கா துவைக்கிறது தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தவனும் நான்தான், அந்தக் காலோட மலைக்கு அனுப்பினா அக்கா செத்துரும்னு கொட்டித் தீர்த்தேன். தொரை என்னைப் பாதி வரைக்கும் பேச விட்டாரு. மிச்சத்தை அவர் பேசினாரு, அது இங்க எழுதுற மாதிரி இல்ல. கடைசியில எனக்கு எச்சரிக்கைக் கடிதம், அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வும் போச்சு. அக்கா ஸ்டோருலயே இருக்கலாம், ஆனா இனித் தொப்பியைத் துவைக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும்னாரு. எழுதிக் குடுத்த தாள்ல கைநாட்டு வைக்கச் சொன்னப்ப, அக்கா பழக்கதோஷத்துல மூலையில ஒரு புள்ளி வச்சுது.

திங்கக்கிழமை காலையில சங்கு ஊதுறதுக்கு முந்தியே அக்கா என் ஜன்னல்ல வந்து நின்னுச்சு. நன்றி சொல்லத்தான் வந்திருக்குன்னு நெனச்சு நான் சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கிட்டேன். அதுவரைக்கும் என்னைத் தம்பி, நீங்க, வாங்கன்னுதான் பேசும்.

"ஏன்டா, படிச்ச மடையா! ஒன்னைய யாருடா கேட்டா? நான் கெழடாகப் போறவ, எனக்கு என்னமோ ஆகிட்டுப் போகுது. நீ இனிமேத்தான்டா வாழணும்! எழுத்துல வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறியே, ஒங்க ஆத்தாளுக்கு என்னாடா பதில் சொல்லுவ? சோறு திங்கிறியா, வேற எதையாச்சும் திங்கிறியா?"

சலிப்பு ரூம்ல இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தாங்க. அக்கா நிறுத்தல. திட்டிக்கிட்டே அழுதுச்சு, அழுதுக்கிட்டே திட்டிச்சு. சங்கு ஊதினதும் மூக்கைச் சிந்திட்டு, விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிருச்சு.

எனக்குக் கூடப் பிறந்த அக்கா கெடையாது. அன்னைக்கு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு அப்புடித் திட்டினப்பதான், ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சுது.