சத்தத்தைக் கேட்டே சொல்பவர்

காலை ஒன்பது நாற்பதுக்குச் செய்தி வந்தது. ஜீயபுரத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா அழகம்மாள் தவறிவிட்டாள். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் தம்பி நல்லுசாமி பிறந்த வீட்டுக் கோடியோடு வந்துவிட வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஸ்ரீரங்கத்துக் கடையில் புதுப் புடவை வாங்கிவந்து, பையை பைக்கின் டேங்க்மேல் கட்டிக்கொண்டு பத்தரைக்கு வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பினார். பின்சக்கரத்தில் 'டக்' என்றது.

அந்த ஒரு 'டக்' போதும், வாசகரே. சத்தத்தைக் கேட்டே சொல்பவர் என்று ஓர் இனம் உண்டு. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவரிடம் சொந்தமாக வண்டி இருக்காது. வாய்க்குள் வைத்த இட்லியை விழுங்கும் முன்பே வாசலுக்கு வந்துவிடுவார், குனிய மாட்டார், விரலில் எண்ணெய் பட விடமாட்டார், சுட்டுவிரலை நீட்டியே முழு வண்டியையும் கழற்றிப் பூட்டுவார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்பதில்லை. அதுதான் அவருக்கு வசதி.

நல்லுசாமியின் தெருவில் அவர் பெயர் ஹரிஹரசுதன்.

"நிறுத்துங்க. செயின்தானே?"

"ஜீயபுரம் போகணும் சார். அக்கா தவறிட்டாங்க."

"அடடா, என்ன வயசு?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "முனை வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, கேக்கறேன்."

ஓட்டினார். இன்னொரு தடவை, மெதுவாக. இன்னொரு தடவை, வேகமாக. அக்காவைப் பறிகொடுத்தவர் கோடிப் புடவையோடு தெருவில் மேலும் கீழும் போய்வருவதை மனைவி மணிமேகலையால் பார்க்க முடியவில்லை.

"பேசாம பஸ்ல போயிடுங்களேன்."

"பஸ்ஸா? அஞ்சு நிமிஷம்மா" என்றார் ஹரிஹரசுதன். இந்த இனத்தாரின் கடிகாரத்தில் அதற்கு மேல் நேரமே கிடையாது.

தீர்ப்பு வந்தது: வீல் கோணல். நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகியிருந்த சின்னப் பின்னை நல்லுசாமி உருவினார். "தொலைஞ்சிடும், குடுங்க" என்று வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் ஹரிஹரசுதன். சக்கர அச்சுக்கு இரு பக்கமும் இரும்பில் போட்டிருந்த கோடுகளைச் சுட்டினார். "இந்தப் பக்கம் மூணாவது கோடு. அந்தப் பக்கமும் மூணு."

"பின்னாலேருந்து பாத்தா செயின் வளைஞ்சு தெரியுது சார்."

"கம்பெனிக்காரன் போட்ட கோடு பொய் சொல்லுமா?"

பதினெட்டு வருஷ வண்டி நாலு முறை விழுந்து எழுந்ததில் கோடு போட்ட அந்த இரும்பே வளைந்திருக்கலாம் என்பது அந்தக் காதுக்கு எட்டாத சத்தம்.

"ரொம்ப இறுக்கறோமோ? கொஞ்சம் ஆட்டம் வேணாமா?"

"ஆடறதாலதான் சத்தமே."

இறுக்கினார்கள், அதாவது அவர் சொன்னார், நல்லுசாமி இறுக்கினார். நடுவில் ஜீயபுரத்திலிருந்து மூன்று முறை போன். மூன்று முறையும் நல்லுசாமி "அஞ்சு நிமிஷம்" என்றார். இந்த நோய் அப்படிப் பரவக்கூடியது. கடைசியில் ஏறி உட்கார்ந்ததும் செயின் விறைத்துக்கொண்டது, சக்கரம் நகரவில்லை. ஹரிஹரசுதனின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, சத்தம் நின்னுடுச்சு."

நல்லுசாமி பையை அவிழ்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியபோது மணி ஒன்றே முக்கால். சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறி ஜீயபுரத்தில் இறங்கும்போது மூன்று இருபது. நாலாவது 'அஞ்சு நிமிஷ'த்துக்கு அங்கே யாரும் காத்திருக்கவில்லை. பங்காளி ஒருவன் அவசரமாக வாங்கிவந்த புடவையைப் போர்த்தி எடுத்துவிட்டார்கள். ஆற்றங்கரைக்கு ஓடினார். தீ வைத்தாகிவிட்டது.

மறுநாள் மெக்கானிக் கியாசுதீன் வந்து செயினைத் தளர்த்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு லிங்க் துருப்பிடிச்சு மடங்காம நிக்குதுங்க. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஆட்டிவிட்டிருந்தா நேத்தே போயிருக்கலாம்."

"அதைத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்றது ஒரு குரல். யாருடையது என்று சொல்ல வேண்டுமா?

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். அடுத்த வீட்டு வண்டி இருமினால் எட்டிப் பார்க்கும் பழக்கம்கூட உங்களுக்குக் கிடையாது. எதற்கும் ஒரு தடவை உங்கள் சட்டைப்பையைத் தடவிப் பாருங்கள். கோடிப் புடவை மடிப்புக் கலையாமல் பீரோவுக்குள் இருக்கிறது. வண்டி வாசலில் நிற்கிறது. பின்சக்கரத்து நட்டில் அந்தப் பின்னை இன்னும் மாட்டியாகவில்லை.