அறுபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து

சூக்ரே, வியாழன்

மரியாதைக்குரிய ஞானத்தாய் எஸ்கொலாஸ்திகா அவர்களுக்கு, உங்கள் ஞானமகள் சுல்மா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலமில்லை. உங்கள் முழங்காலும் நம் பன்றியும் எப்படி?

ஆய்வேடு முடிந்துவிட்டது. பக்கங்கள் முடியவில்லை. நாளை நண்பகலுக்குள் துறை அலுவலக முத்திரை விழாவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான். நீங்களோ விருந்துக்கு வாத்தியக்காரர்களிடம் சொல்லிவிட்டீர்கள்.

எல்லாம் ஒரே ஒரு அட்டவணையால். பதினான்கு உருளைக்கிழங்கு வகைகள், பன்னிரண்டு மாதங்கள். நிமிர்ந்த தாளில் அடங்கவில்லை. அறுபத்து மூன்றாம் பக்கத்தை மட்டும் படுக்க வைத்தேன். பக்கத்தின் தலையிலிருந்த என் பெயரும் அடியிலிருந்த பக்க எண்ணும் கூடவே திரும்பிக்கொண்டன. துறைச் செயலாளர் தோன்யா பெலிசா ஏட்டை நிமிர்த்திப் பிடித்து அளவுகோலை வைத்தார். அவர் எதையும் படிப்பதில்லை. அளப்பார்.

“உன் பேரு தைக்கிற ஓரத்துக்குள்ள போயிடுச்சு. நம்பரு ஓரத்துல படுத்துத் தூங்குது. மத்த பக்கமெல்லாம் நிக்குதுல்ல, இதுக்கு மட்டும் என்ன, உடம்பு சரியில்லையா?”

கணினியில் அந்தப் பக்கத்தில் மட்டும் என் பெயரை அழித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களிலும் அழிந்தது. ஒரு நிமிடம் நான் இல்லாமலே போனேன். கிழங்குகள் அப்படியே இருந்தன.

அச்சுக்கடை நசாரியோ எட்டிப் பார்த்தார். “எல்லாப் பக்கமும் கைகோத்துக்கிட்டு நிக்குது தங்கச்சி. முன்னாடியும் பின்னாடியும் கையைப் பிரிச்சு விடணும்.” பிரித்தோம். அடுத்த பக்கத்தின் எண் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. “பாரு, புதுசா பொறந்திருக்கு” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது பெயரையும் எண்ணையும் சின்னக் கட்டங்களில் போட்டு, திருப்பி, ஓரத்தில் நிறுத்தியிருக்கிறேன். பக்கம் நிரம்பினால் நகருமோ என்று பயம். அதனால் அட்டவணையை வெளியே எடுத்துவிட்டு, அதே பக்கத்தில் இந்தக் கடிதத்தை அடித்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று. ஏழாவது வகையின் மே மாத எடை குத்துமதிப்புதான். அந்தப் பாத்தியை நம்ம பன்றி தின்னது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பேராசிரியருக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், முழங்கால் வலிக்காமல் மடங்கட்டும்

சுல்மா

பி.கு. கையால், வெள்ளி மாலை: அவசரத்தில் அட்டவணையைத் திரும்ப வைக்க மறந்து, இந்தக் கடிதத்தோடேயே கொடுத்துவிட்டேன். தோன்யா பெலிசா அறுபத்து மூன்றில் அளவுகோலை வைத்தார். எண் இம்மியும் நகரவில்லை. “இப்பதான் பக்கம் மாதிரி இருக்கு” என்று முத்திரை குத்தினார். பச்சை அட்டை போட்டு ஐந்து பிரதிகளும் தைத்தாயிற்று. ஒன்று பேராசிரியர் கையில். செவ்வாயன்று அவர் முன் நின்று பக்கம் பக்கமாக விளக்க வேண்டும். பன்றியை வெட்டிவிடாதீர்கள். எனக்கு வேறு சாட்சி இல்லை.