இரண்டு பொட்டலம், ஒரு கார்

கார் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று கலியமூர்த்தி முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் குளியலறை. வீட்டிலேயே அங்கேதான் உள்பக்கத் தாழ்ப்பாள் ஒழுங்காக இருந்தது.

மரக்காணத்தில் அவர் பெரிய உப்பளக்காரர். பத்து ஊர்ச் சாம்பாருக்கு உப்புப் போடுகிறவர். தன் வீட்டுச் சாம்பாரில் உப்பு குறைச்சல் என்று சொல்ல மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வாய் வந்ததில்லை.

அது 2006. ஈ.சி.ஆர். ரோட்டில் புதுக் கார்கள் பறந்துகொண்டிருந்தன. பாண்டிச்சேரியில் பார்த்துவிட்டு வந்ததில் இரண்டு கார்கள் மிச்சம் நின்றன. கம்பெனி பேரைச் சொல்லி நமக்கு எதற்கு வம்பு? வீட்டில் வைத்த பேரே போதும். ஒன்று ‘நீளமூக்கு’. பெட்ரோல். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பாட்டுப் போட்டால் கதவெல்லாம் அதிரும். இன்னொன்று ‘குண்டு’. டீசல். கொஞ்சம் உயரம். டிக்கியைத் திறந்தால் ஒரு குடும்பம் குடியேறலாம்.

கலியமூர்த்தியின் மனசு நீளமூக்கில் இருந்தது. காரணம் பக்கத்து உப்பளக்காரர் குப்புசாமி. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடைமேடை அருகே சத்தமில்லாமல் வண்டியை நிறுத்த வேண்டும். கண்ணாடியை மெதுவாக இறக்க வேண்டும். “என்ன குப்புசாமி, சௌக்கியமா?” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய வாழ்நாள் லட்சியம்.

அவர் மனைவி ரேணுகாவுக்குக் குண்டுதான் வேண்டும். அவள் கல் உப்பைத் துணிப்பையில் கட்டி, குயிலாப்பாளையத்துக் கடைகளுக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரர்கள் ஆசையாக வாங்கிப்போனார்கள். சரக்கைக் கொண்டுபோவதுதான் கஷ்டம். போன வாரம் ஒரு பஸ் கண்டக்டர், “இது பஸ்ஸா, உப்பு லாரியா?” என்று கேட்டு, மூட்டையோடு அவளைக் கூனிமேட்டில் இறக்கிவிட்டுவிட்டார். உச்சி வெயிலில் ரோட்டில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. எந்தக் காருக்கு டிக்கி பெரிசு என்று விசாரித்தாள்.

“கார்னா ஒரு கெத்து வேணும் ரேணு.”

“கெத்தை எங்க வெப்பீங்க? அதுக்கும் டிக்கி வேணுமே.”

“நீளமூக்கு ரோட்டுல வழுக்கிட்டுப் போவும்!”

“ரோட்டுல போவும். நம்ம உப்பளத்து வரப்புப் பாதையில? அடி தட்டி நடுவுல நிக்கும். நீங்க இறங்கித் தள்ளுவீங்க. குப்புசாமி அண்ணன் ஜீப்புல வந்து கயிறு கட்டி இழுப்பாரு.”

கலியமூர்த்தி அந்தக் காட்சியை மனசுக்குள் பார்த்தார். வியர்த்தது. ஆனாலும் விடவில்லை.

“நீயும் வேணாம், நானும் வேணாம். சாமிகிட்ட விட்டுடுவோம். பெருமுக்கல் மலையில பூ கட்டிப் பார்ப்போம்.”

அந்தப் பக்கத்தில் பெண் பார்ப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரை பூ கட்டிப் பார்ப்பதுண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்தால் அதுதான் உத்தரவு. அதற்கு மேல் பேச்சில்லை.

“சரிங்க. சாமி சொன்னா சரி” என்றாள் ரேணுகா.

இவ்வளவு சுலபமாக அவள் ‘சரி’ சொன்னபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே ஆனார்?

“வெள்ளை வந்தா நீளமூக்கு. சிவப்பு வந்தா உன் குண்டு. பொட்டலம் நான் கட்டுறேன். உனக்கு எதுக்கு சிரமம்?”

“ஐயோ, என் மேல எவ்வளவு அக்கறை!”

மறுநாள் காலை கலியமூர்த்தி தோட்டத்துக்குப் போனார். நந்தியாவட்டையில் ஒரு வெள்ளைப் பூ பறித்தார். செவ்வரளியைப் பார்த்தார். அது பாட்டுக்குச் செக்கச்செவேல் என்று பூத்திருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி நந்தியாவட்டையிலேயே இன்னொன்று பறித்தார். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, இரண்டையும் வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டினார். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் வெள்ளை. எப்படிப் பார்த்தாலும் நீளமூக்கு. கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவரே ஒரு சலாம் வைத்துக்கொண்டார்.

பெருமுக்கல் மலை ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சீட்டியடித்தார். ரேணுகா முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பாவம், இவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிஷம் மனசு இளகியது. உடனே குப்புசாமியை நினைத்து இறுக்கிக்கொண்டார்.

குருக்கள் பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்தார். “எந்தப் பூவுக்கு எது?” என்று கேட்டார்.

கலியமூர்த்தி வாயைத் திறப்பதற்குள் ரேணுகா கைகூப்பிச் சொன்னாள்: “வெள்ளை வந்தா குண்டு சாமி. சிவப்பு வந்தா நீளமூக்கு.”

“ஏய்! வெள்ளை நீளமூக்குன்னு வீட்டுல பேசினோமே!”

“வீட்டுல ஆயிரம் பேசுவோம். சாமி முன்னாடி சொல்றதுதானங்க செல்லும்? வர்ற வழியில எனக்கு வெள்ளைதான் ராசின்னு தோணிச்சு. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல சிவப்பு இருக்குது. எதை எப்படி மாத்தினா என்ன?”

கலியமூர்த்தி யோசித்தார். என்ன நஷ்டம் என்பதை உலகத்தில் ஒருவரிடமும் சொல்ல முடியாத நஷ்டம் அது.

“இல்ல... வந்து... நான் பொட்டலத்தை வேற மாதிரி கட்டியாரேன் சாமி.”

“காலடியில வெச்சதை அப்படியே திருப்பி எடுக்கக்கூடாது” என்றார் குருக்கள். “மனசுல என்ன சஞ்சலம்? ஒண்ணை எடுங்கோ.”

“நீங்களே எடுங்க. உங்க கைராசியைப் பார்ப்போம்” என்றாள் ரேணுகா.

கலியமூர்த்தி கண்ணை மூடினார். பிறந்ததிலிருந்து அவ்வளவு பக்தியோடு அவர் கும்பிட்டதில்லை. கல்லைக் கரைக்க வேண்டாம், கடலைப் பிளக்க வேண்டாம், ஒரே ஒரு நந்தியாவட்டையைச் செவ்வரளியாக்கு என்று கெஞ்சினார். வலதுபக்கப் பொட்டலத்துக்குப் போன கை பாதியில் மாறி இடதுபக்கம் போனது. எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை வெளேர் என்று சிரித்தது.

“சாமி சொல்லிடுச்சு!” என்று ரேணுகா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிரிக்காத பொட்டலத்தைக் குருக்களிடம் பிரசாதமாகக் கேட்டு வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். மலை இறங்குகிற வரை கலியமூர்த்தியின் கண் அந்தக் கைப்பையிலேயே இருந்தது.

குண்டு வீட்டுக்கு வந்தது. ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், வண்டி நல்ல வண்டி. வரப்புப் பாதையில் தட்டாமல் ஏறி இறங்கியது. எடைமேடையில் குப்புசாமியே வந்து டிக்கியைத் திறந்து பார்த்து, “நமக்கு ஏத்த வண்டிப்பா” என்றார். கலியமூர்த்திக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. கண்ணாடியை இறக்கிப் பேச வேண்டும் என்பதே மறந்துபோனது.

மூட்டைகளை டிக்கியில் அடுக்கி முதல் முறையாகக் குயிலாப்பாளையம் கிளம்பினார்கள். கூனிமேடு பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது ரேணுகா சும்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, தோற்றாலும் பரவாயில்லை என்று கலியமூர்த்திக்கே தோன்றியது. அப்போதுதான் அவள் கைப்பையிலிருந்து அந்தக் காய்ந்த பொட்டலத்தை எடுத்து, வண்டிக்குள் இருந்த கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டாள்.

“அது... எதுக்கு ரேணு?”

“திருஷ்டிக்கு.”

“உள்ள சிவப்புப் பூ காஞ்சு கருப்பாயிருக்கும். தூக்கிப் போட்டுடு.”

“அன்னைக்குக் காலையில செவ்வரளியில ஒரு பூ கூட குறையலீங்க. நந்தியாவட்டையில ரெண்டு காம்புல பால் வடிஞ்சிட்டு இருந்துது.”

கார் ஒரு தடவை குலுங்கியது. ரோட்டில் பள்ளம் எதுவும் இல்லை.

“அப்ப... பிரிச்சுப் பார்த்துட்டியா?”

“எதுக்குங்க பிரிக்கணும்? பத்திரமா இருக்கட்டும்” என்று பொட்டலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் ரேணுகா. “இன்னும் ஃபிரிட்ஜ் வாங்கணும், வாஷிங் மிஷின் வாங்கணும்.”