சிவநேசத்தின் முன்பல்லும் மூன்று பேராசிரியர்களும்

மொன்றியல்,
14.05.2006

என் உடன்பிறப்பு தியாகலிங்கத்துக்கு,

ஸ்காபரோவில் நீயும் மச்சாளும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன். இங்கே நான் சுகம், மகள் வித்தியா சுகம், என் முன்பல் மிகவும் சுகம். போன் எடுத்தால் நீ என்னைக் கதைக்க விடமாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்குக் குறுக்கே உன்னால் கதைக்க முடியாது.

நான் ஐஸில் சறுக்கி, பஸ் தரிப்பிடத்துக் கம்பியில் வாயைக் கொடுத்துப் பல்லை இழந்த கதை உனக்குத் தெரியும். நீ சொன்னபடி முதலில் கழற்றிப் பூட்டுகிற பல்லுத்தான் போட்டேன். அது ஒரு நாள், நான் சமைக்கிற கார்தெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், நான் தும்மியபோது சின்னப் பிள்ளைகளுக்கு வைத்த கரட் சூப்புக்குள் விழுந்து, நான் அகப்பையால் துழாவித் துழாவி எடுத்து, மனச்சாட்சி கேளாமல் முழுச் சூப்பையும் தொட்டியில் ஊற்றிவிட்டு, அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பாணும் சீஸும் கொடுத்தேன். அதற்குப் பிறகு அதைப் பூட்டவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டே சமைத்தேன். தினமும் குசினி வாசலில் வந்து நின்று எனக்குக் கைகாட்டுகிற சின்னப் பெட்டை ஒருத்தி, "நீ எங்களோடை கோவமா?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு, அடுத்த நாள் வரவேயில்லை. அன்றைக்குத்தான், எனக்குச் சிரிக்கிறதுக்கு ஒரு நிலையான பல் வேண்டுமென்று முடிவெடுத்தேன்.

பல் ஆஸ்பத்திரியில் டொக்டர் ஷந்தால் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, பல் இருந்த இடத்தில் எலும்பு கரைந்துவிட்டது, கீழ்த்தாடை நாடியிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அங்கே ஒட்டி, அது பிடித்த பிறகுதான் திருகாணி இறக்கிப் பல் நடலாம் என்றா. படிப்பு முடிகிற கட்டத்தில் இருக்கிற பிள்ளை, வித்தியாவின் வயதுதான் இருக்கும். அப்போது நீ போனில் என்ன சொன்னாய்? "அக்கா, இந்த வயசில நாடியை வெட்டி மூக்குக்குக் கீழ ஒட்டப் போறியோ? உனக்கென்ன விசரே?" நான் போனை வைத்தேன். டொக்டருக்கு ஓம் என்று சொன்னேன். முகம் பூசணிக்காயாக வீங்கியது உண்மை. கஞ்சியைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் எலும்பு பிடித்தது, திருகாணி பிடித்தது, போன வருஷம் பல்லும் வந்தது. அந்தப் பெட்டை மறுபடி குசினி வாசலுக்கு வந்தாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், அவளுக்கும் அப்போது முன்பல் இல்லை.

இனித்தான் விஷயம். போன கிழமை ஷந்தாலின் கடைசிச் சோதனைக்கு, அவ செய்த பல்லைக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் ஒரு கோட்டைத் தந்து, ஒரு முனை திருப்தியில்லை, மற்ற முனை முழுத் திருப்தி, உங்கள் இடத்தில் புள்ளி போடுங்கள் என்றார்கள். நான் கோடு முடிந்த பிறகும் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். பிறகு மூன்று பேராசிரியர்கள் வந்து, பிளாஸ்டிக் கொளுக்கிகளால் என் மேல் சொண்டையும் கீழ்ச் சொண்டையும் காதுவரை இழுத்துவிட்டு, வாய்க்குள் வெளிச்சமடித்தார்கள். அதில் தாடிக்காரர் என் பல்லைக் காட்டி, மஞ்சள் என்கிறார், கோணல் என்கிறார், பல்லைப் பிடிக்கிற முரசுச் சதை மேலே ஏறிவிட்டது என்கிறார். ஷந்தால் முகம் சிவந்து, குனிந்து எழுதிக்கொண்டு நிற்கிறா. என் பல்லாலே இந்தப் பிள்ளை பெயிலாகப் போகுது என்று நினைத்தேன்.

கொளுக்கிகளை நானே கழற்றினேன். என்னுடைய பிரெஞ்சு கார்தெரியில் படித்த பிரெஞ்சு என்பது உனக்குத் தெரியும். கையைக் கழுவு, தள்ளாதே, மன்னிப்புக் கேள், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. அந்த நேரம் அது போதுமாக இருந்தது. "முசியே, சே பா ஜான்தி" என்றேன். அப்படிச் செய்கிறது நல்லபிள்ளைக்கு அழகில்லை என்று அர்த்தம், மற்றப் பிள்ளையைக் கடித்தவனுக்குச் சொல்கிறது. "அவ வடிவா வேலை செய்தவ. நீ அவவிட்டை மன்னிப்புக் கேள்." பிறகு ஒரு சிரிப்புச் சிரித்துக் காட்டி, "பார், நான் சிரிச்சா என்ரை சொண்டு இவ்வளவுக்குத்தான் ஏறுது. முரசை உங்களைத் தவிர ஆர் பாக்கப் போகினம்?" என்று கையாலும் வாயாலும் விளக்கினேன். தாடிக்காரர் ஷந்தால் பக்கம் திரும்பி, "பார்தோன்" என்றார். ஷந்தாலுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். வாசல்வரை வந்து என்னைக் கட்டிப்பிடித்து அனுப்பினா.

ஆகவே தம்பி, நாடியை வெட்டி ஒட்டினால் என்ன ஆகும் என்று நீ கேட்டதற்கு இதுதான் பதில். படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். மச்சாளுக்கும் காட்டு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், இனிமேல் பல் கழன்று விழுமென்று பயந்து கொடுக்கத் தேவையில்லை. பிள்ளையார் உங்கள் எல்லோரையும் காக்க.

இப்படிக்கு,
உன் அக்கா
சிவநேசம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஷந்தால் வித்தியாவுக்குப் போன் எடுத்தா. புதுப் பல்லுக்கு மூன்று பேரும் முழுப் புள்ளி போட்டிருக்கிறார்களாம். தாடிக்காரர் குறை சொன்னது "வுவாசின்" பல்லையாம். அந்தச் சொல் பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன், பக்கத்துப் பல்லுக்கும் அதுதானாம். புதுப் பல்லுக்குப் பக்கத்தில் அது நிற்க வெட்கக்கேடாக இருக்கிறது, அதையும் திருத்தலாமா என்றுதான் கேட்டாராம். ஷந்தால் முகம் சிவந்ததும் கண்ணீர் விட்டதும் சிரிப்பை அடக்கியதாலாம். வித்தியா இன்னும் சிரித்து முடிக்கவில்லை. ஆனாலும் அவர் மன்னிப்புக் கேட்டது சரிதான். அந்த மஞ்சள் கோணல் பல் எங்கள் அம்மாவுக்கு இருந்த அதே பல். நீயும் ஒருக்கால் கண்ணாடியில் பார்.